குறிப்பேடு: தப்பை எழுதி வைத்தவர்கள் கதை



பி.காம் படிக்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் சரித்திரத்தில் என்ன வேலை என்று வகுப்பில் சிலர் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

மூன்று மாதமாகக் கல்லூரி விட்டு வந்ததும் பைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். சி.ஏ. படிப்பதா, மென்பொருள் பக்கம் போவதா என்று எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு இது ஒரு வெள்ளோட்டம். ஒழுங்காகச் செய்ய வேண்டுமே என்று ஞாயிறு இரவு தோறும் ஒரு நோட்டில் எழுதுவேன். பக்கத்தின் நடுவே கோடு. இந்தப் பக்கம் 'இந்த வாரம் கற்றது', அந்தப் பக்கம் 'அடுத்த வார இலக்கு'.

போன வாரம் பதினோரு வாரக் குறிப்பையும் ஒரே மூச்சில் படித்துப் பார்த்தேன். படித்தால் நான் ஒரு மேதை! 'லூப் முடிந்தது', 'லிஸ்ட் நன்றாகப் புரிந்தது', 'நல்ல முன்னேற்றம்'. எங்கேயும் 'தெரியவில்லை' என்ற வார்த்தையே கிடையாது. அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு வேடிக்கை. 'ஃபங்ஷன்களை முழுசாக முடிக்க வேண்டும்' என்ற இலக்கு நான்கு வாரம் தொடர்ந்து, ஒரு எழுத்து மாறாமல் இருக்கிறது.

நோட்டில் இல்லாத கதை ஒன்று உண்டு. அப்பாவுக்கு மளிகைக் கடை. கடைக்குப் பில் போட ஒரு சின்ன நிரல் எழுதினேன். அப்பா ஒரே வரி விகிதமுள்ள சாமான்களை மொத்தமாகக் கூட்டி, அதற்கு ஜி.எஸ்.டி. போட்டு, கடைசியில் ஒரு தடவை பைசாவைச் சரி செய்வார். என் நிரல் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகச் சரி செய்தது. சோதித்துப் பார்த்த பில்லில் ஒரு பைசா இடித்தது. ஏன் இடிக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணி. கடைசி வரியில் 0.01 கூட்டிவிட்டேன். சரியாக வந்தது. அந்த வாரக் குறிப்பு: 'பில் புரோகிராம் முடிந்தது!' ஆச்சரியக்குறியோடு.

பில் தொகை கடைசியில் முழு ரூபாய்க்கு வந்துவிடுவதால் கொஞ்ச நாள் எதுவும் வெளியே தெரியவில்லை. அப்புறம் ஒரு கல்யாண வீட்டுப் பில். நாற்பதுக்கு மேல் சாமான். வந்தவர் விவரமான ஆள். கடையிலேயே உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, ஒரு ரூபாய் அதிகம் என்று சொல்லிவிட்டார். ஒரு ரூபாய்தான். ஆனால் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கும் மனுஷன் நாலு பேர் முன்னால் 'மன்னிச்சுக்கோங்க' என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாயங்காலம் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "எங்க தப்பு நடந்துச்சுன்னு எழுதி வச்சிருக்கியா?"

எழுதி வைத்திருக்கவில்லை. இந்த மாதிரி நோட்டு எழுதியவர்கள் எனக்கு முன்னால் யார், அவர்கள் என்ன எழுதினார்கள் என்று தேடப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

வாராவாரம் தன்னைத்தானே தணிக்கை செய்துகொண்டவர்களில் ரொம்பப் பிரபலமானவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1706ல் பாஸ்டனில் பிறந்தவர், அண்ணனின் அச்சகத்தில் எடுபிடியாகத் தொழில் கற்றவர், 1723ல் அங்கிருந்து ஓடி பிலடெல்பியா வந்து சேர்ந்தவர். மின்னல், பட்டம், அமெரிக்க விடுதலை எல்லாம் பின்னால் நடந்தவை. நமக்கு வேண்டியது இருபதுகளில் இருந்த அச்சுக்காரப் பையன்.

அவர் தனக்கு வேண்டிய நற்குணங்களைப் பட்டியல் போட்டார். முதலில் பன்னிரண்டுதான். நண்பர் ஒருவர் 'உனக்குத் தலைக்கனம் அதிகம் என்று ஊரே சொல்கிறது' என்று எடுத்துச் சொன்ன பிறகு பணிவையும் சேர்த்து 13 ஆக்கினார். ஒரு சின்னப் புத்தகம் தைத்து, குணத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தில் சிவப்பு மையால் ஏழு பத்திகள், வாரத்தின் ஏழு நாளுக்கு. குறுக்கே 13 வரிகள். ராத்திரி படுக்குமுன் அன்று எதில் தவறினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

இதில் உள்ள கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க அவர் முயலவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு குணம். அந்த வரியில் மட்டும் புள்ளி விழாமல் காப்பது அந்த வார இலக்கு, மற்றவை வழக்கம்போல் நடக்கட்டும். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நான்கு சுற்று. (13 x 4 = 52. கணக்கு எவ்வளவு அழகாக உட்கார்ந்துவிட்டது பாருங்கள்!)

என்ன ஆயிற்று? தன்னிடம் இவ்வளவு குறை இருக்கும் என்று தான் நினைக்கவே இல்லை என்று அவரே சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். அவரை ரொம்பப் படுத்தியது 'ஒழுங்கு', அதாவது ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில், ஒவ்வொரு வேலையையும் அதனதன் நேரத்தில் வைப்பது. கடைசி வரை அது வரவில்லை. ஃபங்ஷன் வராத எனக்கு இதைப் படித்ததும் ரொம்ப ஆறுதல் :-)

ஆனால் எனக்கு அதிகம் உறுத்தியது வேறு. ஒவ்வொரு புதுச் சுற்று தொடங்கும்போதும் பழைய புள்ளிகளைச் சுரண்டி அழித்துவிட்டு அதே பக்கத்தில் மறுபடி குறித்தார். சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. அப்புறம் தந்தத்தால் ஆன தகடுகள் உள்ள ஒரு குறிப்புப் புத்தகத்துக்கு மாறினார். அதில் பென்சிலால் புள்ளி வைப்பது, சுற்று முடிந்ததும் ஈரப் பஞ்சால் துடைப்பது. நாளடைவில் வருஷத்துக்கு ஒரு சுற்று, அப்புறம் சில வருஷத்துக்கு ஒன்று, கடைசியில் பயணம், வேலை என்று அதுவும் நின்றுபோனது. அந்தச் சின்னப் புத்தகத்தை மட்டும் எப்போதும் கூடவே எடுத்துப் போனாராம்.

எங்கள் கடைக் கணக்கில் தப்பாக எழுதிய எண்ணைச் சுரண்டினால் அப்பாவுக்குக் கோபம் வரும். மேலேயே திருத்தி எழுதினாலும் வரும். ஒரே ஒரு கோடு. அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும். சரியான எண்ணை மேலே எழுதிச் சின்னதாக ஒரு கையெழுத்து. நாம் படிக்கும் கணக்குப் பதிவியலிலும் இதுதானே சட்டம்? குறிப்பேட்டில் தப்புப் பதிவு விழுந்தால் அதை அழிப்பதில்லை, இன்னொரு திருத்தப் பதிவு போடுகிறோம். அந்தக் கண்ணோடு பார்த்தால், வணிகத்தில் அவ்வளவு கெட்டியான பிராங்க்ளின் தன்னுடைய கணக்கில் மட்டும் பஞ்சை எடுத்துவிட்டார். எந்தக் குணம் எந்த வருஷம் எத்தனை புள்ளி வாங்கியது என்பது துடைத்ததோடு போயிற்று.

அவருக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்லிவிட வேண்டும். சுயசரிதையில் தன் வாழ்க்கையின் பெரிய தப்புகளை அவர் ஒளிக்கவில்லை. அண்ணனுடன் போட்ட ஒப்பந்தத்தை மீறி ஓடியது, தன்னிடம் இருந்த இன்னொருவர் பணத்தில் கை வைத்தது, எல்லாம் உண்டு. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் அச்சுத் தொழிலிலிருந்து எடுத்தது: எர்ராட்டா. புத்தகக் கடைசியில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒட்டுவார்களே, அது. அச்சுப் பிழை, அச்சுத் தொழில் இரண்டும் இந்தக் கதையில் மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிராங்க்ளின் கணக்கு வைத்தது நடத்தைக்கு. நிரல் எழுதுகிறவனின் பிழை வேறு ஜாதி. அது எப்போது கண்ணில் பட்டது என்று பார்த்தால் 1949க்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தலைமையில் கட்டிய எட்சாக் என்ற கம்ப்யூட்டர் 1949 மே 6 அன்று முதன்முதலாக ஓடியது, எண்களின் வர்க்க அட்டவணையை அச்சடித்துக் கொடுத்தது. அந்த நாளில் உலகத்தில் நிரல் எழுதுகிறவர் எல்லாருமே புதியவர்கள்தான். கேட்க ஒரு சீனியர் கிடையாது. வில்க்ஸ் அடுத்ததாக ஏரி சமன்பாடு என்ற வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க ஒரு நிரல் எழுதினார். கணிதம் தெரிந்தவர், கம்ப்யூட்டரைக் கட்டியவரே அவர்தான், ஆகவே எழுதினால் ஓட வேண்டும். ஓடவில்லை.

அந்த நிரலைத் துளையிட்ட காகித நாடா ஒன்று பின்னாளில் கிடைத்தது. மொத்தம் 126 வரி. ஆராய்ந்து பார்த்ததில் அதில் சுமார் 20 பிழைகள்! ஆறு வரிக்கு ஒன்று. இது கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எழுதியது, மூன்று மாதம் படித்த பி.காம் பையன் எழுதியது அல்ல.

வில்க்ஸ் 1985ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் அந்த நாட்களைப் பற்றிச் சொல்கிறார். எட்சாக் அறைக்கும் நாடாவில் துளையிடும் கருவி இருந்த அறைக்கும் நடுவே மாடிப்படி. ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், படி திரும்பும் இடத்தில் அவருக்கு ஒன்று உறைத்தது: இனி என் வாழ்நாளில் பெரும் பகுதி என் சொந்த நிரல்களில் தப்புத் தேடுவதில்தான் கழியப்போகிறது. நிரல் எழுதுவது என்றால் தப்புத் தேடுவது என்று ஒரு மனுஷனுக்குப் புரிந்த தருணம், தேதி ஏறக்குறையத் தெரிகிறது, இடம் மாடிப்படி என்பது வரை தெரிகிறது. இதுபோல் வரலாற்றில் அடிக்கடி கிடைக்காது.

(இங்கே ஒரு சின்னத் திருப்பம். 'பக்' என்ற சொல் எப்படி வந்தது என்று கேட்டால் கிரேஸ் ஹாப்பரின் பூச்சிக் கதையைச் சொல்வார்கள். 1947 செப்டம்பரில் ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ஒரு ரிலேக்குள் அந்துப்பூச்சி சிக்கி, அதை எடுத்துப் பதிவேட்டில் நாடா போட்டு ஒட்டினார்கள். அந்தப் பக்கம் இப்போதும் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூச்சி உண்மை. ஆனால் சொல் அதற்கு முந்தியது. எடிசனே 1878ல் கருவிக் கோளாறுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். 'நிஜமான பக் கிடைத்த முதல் தடவை' என்ற பொருளில் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சொல் ஏற்கெனவே இல்லாமல் அந்த ஜோக் எப்படி வரும்?)

வில்க்ஸ் குழு சும்மா புலம்பிக்கொண்டிருக்கவில்லை. ஒரு தடவை சோதித்துச் சரியான துணை நிரல்களை நூலகமாகச் சேர்த்து வைத்தார்கள். ஸ்டான்லி கில் நிரல்களில் தப்பைக் கண்டுபிடிக்கும் முறைகள் பற்றியே 1951ல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு வில்க்ஸ், வீலர், கில் மூவரும் சேர்ந்து எழுதிய புத்தகம்தான் நிரல் எழுதுவதற்கான முதல் பாடப் புத்தகம் என்று சொல்கிறார்கள். ஆனால் அந்த ஏரி நாடாவின் 20 பிழைகள் நமக்குத் தெரிவது, யாரோ உட்கார்ந்து எழுதி வைத்ததால் அல்ல. நாடா தற்செயலாகக் குப்பைக்குப் போகாமல் தப்பியதால்.

பிழை ஒரு பக்கம். என் நோட்டின் அடுத்த பக்கம் 'இலக்கு'. அதற்கு ஒரு ஆள் சிக்கினார், அதுவும் எங்கள் வீட்டுப் பஞ்சாயத்துக்கு நேராக.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, நெதர்லாந்துக்காரர். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டே 1952 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் நிரல் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். வயது 21. இரண்டு தோணியில் கால். மூன்று வருஷம் கழித்துத் தன் மேலதிகாரி வான் வைங்கார்டனிடம் போய்க் குழப்பத்தைக் கொட்டினார். இதெல்லாம் மதிப்பான தொழிலா? 'உனக்கு என்ன தெரியும்' என்று யாராவது கேட்டால் இயற்பியல்காரன் காட்ட ஒரு துறை இருக்கிறது, நிரல் எழுதுகிறவனுக்கு என்ன இருக்கிறது? வான் வைங்கார்டன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் இனி போகப்போவதில்லை, துறை இப்போதுதான் தொடங்குகிறது, இதை மதிப்பான துறையாக்கப் போகிறவர்களில் ஒருவனாக நீயே ஏன் இருக்கக்கூடாது என்றாராம். டைக்ஸ்ட்ரா இயற்பியல் படிப்பைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

1957ல் அவருக்குக் கல்யாணம். பதிவேட்டில் மாப்பிள்ளையின் தொழில் எழுத வேண்டும். 'புரோகிராமர்' என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஏற்கவில்லை. கடைசியில் 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று போட்டார்கள்! 1972ல் டூரிங் விருது உரையில் இதை அவரே சொல்லிச் சிரித்தார். (எங்கள் அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். 'அப்ப அந்த ஊர் நகராட்சியும் என்னை மாதிரிதான் கேட்டிருக்கு' என்றார்.)

டைக்ஸ்ட்ராவிடமும் ஒரு நோட்டுப் பழக்கம் இருந்தது. தோன்றியதையெல்லாம், நிரூபணம், பயண அனுபவம், திட்டு உட்பட, எண் போட்டு எழுதுவார். நகல் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார், அவர்கள் மேலும் நகல் எடுத்து அனுப்புவார்கள். 2002ல் அவர் இறக்கும்போது 1300க்கு மேல் சேர்ந்திருந்தன. பெரும்பாலும் கையெழுத்தில். ஆனால் அது சிந்தனைக் குறிப்பு. 'நான் இன்று இங்கே தப்பு செய்தேன்' என்று வரிசையாக எழுதிய பதிவேட்டைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அது டொனால்ட் கனூத்திடம் கிடைத்தது.

கனூத் 1938ல் பிறந்த அமெரிக்கர், ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர். நிரல் எழுதும் கலை பற்றி அவர் எழுதிவரும் பல பாகப் புத்தகத்தின் மூன்றாம் பாகம் 1973ல் வந்துவிட்டது. 1977ல் இரண்டாம் பாகத்தின் புதுப் பதிப்புக்கு அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. ஈய எழுத்துக் கோர்க்கும் பழைய முறை போய் ஒளியச்சு வந்திருந்த நேரம். எழுத்துகள் கண்றாவியாக இருந்தன. அவரால் தாங்க முடியவில்லை. அதே சமயம் எண்முறையில் புள்ளி புள்ளியாக அச்சான பக்கங்களைப் பார்த்ததும் பொறி தட்டியது. பக்கம் என்பது புள்ளி இருக்கிறதா இல்லையா, 0 அல்லது 1. அப்படியானால் இது என் வேலை!

இலக்கு வைத்தார். ஒரு வருஷ விடுப்பில் அச்சுக்கோர்க்கும் நிரல் ஒன்றை முடித்துவிட்டு, புத்தகத்துக்குத் திரும்புவது. அந்த நிரலின் பெயர் டெக். கணிதம், இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகள் இன்றைக்கும் பெருமளவு அதில்தான் தயாராகின்றன. ஒரு வருஷம் என்றது எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? டெக்கும் அதன் கூட்டாளிகளும் ஐந்து பாகப் புத்தகமாக வெளிவந்து வேலை முடிந்தது 1986ல். கிட்டத்தட்ட ஒன்பது பத்து வருஷம். ஒத்திவைத்த நான்காம் பாகத்தின் முதல் பகுதி 2011ல்தான் கடைக்கு வந்தது. என் ஃபங்ஷன் இலக்கு நாலு வாரம்தானே தள்ளிப்போயிருக்கிறது, பரவாயில்லை.

முதலில் டெக் எப்படி இயங்க வேண்டும் என்று ஒரு விவரக் குறிப்பு எழுதி, கோடை விடுமுறையில் இரண்டு மாணவர்களிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போனார். தெளிவாக எழுதிக் கொடுத்தாயிற்று, வந்து பார்த்தால் முடிந்திருக்கும் என்று நினைப்பு. திரும்பி வந்தபோது சின்ன மாதிரி ஒன்று தயாராக இருந்தது, அவ்வளவுதான். முதலில் கொஞ்சம் ஏமாற்றம். பிறகு தானே உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும்தான் விஷயம் புரிந்தது. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை, விவரக் குறிப்பில் யோசிக்காத ஒரு கேள்வி வந்து நின்றது. ஒரு நிரலை வடிவமைக்கிறவனே அதை முதலில் எழுத வேண்டும், முதலில் பயன்படுத்த வேண்டும், அதன் கையேட்டையும் முதலில் எழுத வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான்.

மாதக்கணக்கில் முழு நிரலையும் பென்சிலால் தாளில் எழுதினார். 1978 மார்ச்சில்தான் கணினியில் ஏற்றிப் பிழை தேடத் தொடங்கினார். அன்றிலிருந்து ஒரு பதிவேடு. என்ன மாற்றினேன், எதற்காக மாற்றினேன் என்று ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். பத்து வருஷம் விடாமல் எழுதி, 1989ல் 'டெக்கின் பிழைகள்' என்று ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பின்னிணைப்பாக அந்தப் பதிவேடு முழுதும், 850க்கு மேற்பட்ட பதிவுகள். டூரிங் விருதை 1974லேயே வாங்கியவர், உலகமே தலையில் வைத்துக் கொண்டாடியவர், தன் தப்புகளை எண் போட்டு அச்சில் ஏற்றினார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் செய்த வகைப்பாடு. 15 வகை, வகைக்கு ஒரு எழுத்து. கைப்பிசகாகத் தட்டச்சு தப்பியது ஒன்று. என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தும் மூளை வேறொன்றை எழுதியது ஒன்று. செய்ய நினைத்து மறந்தேபோனது ஒன்று. வழிமுறையே தவறு என்பது ஒன்று. இரண்டு பகுதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதது ஒன்று. எல்லாவற்றையும் விட மோசம், தனித்தனியாகச் சரியாக இருப்பவை சேர்ந்தபோது எதிர்பாராத சூழ்நிலையை உண்டாக்கியது. இப்படி ஒன்பது உண்மையான பிழைகள். மற்ற ஆறும் பிழை அல்ல, மேம்பாடு: வேகம் கூட்டியது, துப்புரவு செய்தது, வேறு கணினிகளிலும் ஓட வைத்தது போன்றவை. பிழையைத் திருத்தும்போது குற்ற உணர்ச்சியாகவும், மேம்படுத்தும்போது புண்ணியம் செய்ததுபோலவும் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். அதனாலேயே இரண்டையும் பிரித்துக் காட்டினார். பிரிக்காவிட்டால் எல்லாத் தப்பையும் 'மேம்பாடு' என்று எழுதிவிட ஆசை வருமே! (என் நோட்டு.)

பி.காம் நண்பர்களே, இந்தப் பட்டியல் எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? பிளஸ் ஒன் கணக்குப் பதிவியலில் 'பிழைத் திருத்தம்' பாடம்! பதியவே மறந்தது விடு பிழை. எண்ணை மாற்றிப் போட்டது, வேறு கணக்கில் எழுதியது செய் பிழை. அடிப்படையையே தப்பாகப் பிடித்தது, உதாரணமாக இயந்திரம் வாங்கியதைக் கொள்முதலில் எழுதுவது, விதிப் பிழை. அப்புறம் ஈடுசெய் பிழை: ஒரு தப்பை இன்னொரு தப்பு சமன் செய்துவிடும், இருப்பாய்வு ஜம்மென்று சரியாக வரும், உள்ளே இரண்டு ஓட்டை. கணக்கர்கள் பல தலைமுறையாகச் சேர்த்து வைத்த பாடத்தை, கனூத் தன் சொந்தப் பிழைகளை எண்ணி எண்ணித் தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். அவர் இருப்பாய்வு போட்டுப் படித்தவர் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பதிவேட்டோடு அவர் நிற்கவில்லை. தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடிக்கும் முதல் ஆளுக்கு 2.56 டாலர் காசோலை. ஏன் 2.56? 256 சென்ட், அதாவது 2இன் அடுக்கு 8, கம்ப்யூட்டர்காரர் கணக்கில் அது ஒரு 'முழு' டாலர். டெக் நிரலில் பிழை கண்டால் பரிசு ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகி, 327.68 டாலரில் நிறுத்தினார். பரிசை இரட்டிப்பாக்கும் தைரியம் யாருக்கு வரும்? பிழை குறைந்துகொண்டே வருகிறது என்று பதிவேட்டைப் பார்த்து அறிந்தவருக்கு.

வாங்கியவர்களில் பலர் காசோலையை வங்கியில் போடவே இல்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுகிறவர்கள் கனூத்தின் கணக்கை நினைத்துப் பாருங்கள். 'வழங்கப்பட்டு இன்னும் செலுத்தப்படாத காசோலைகள்' என்று ஒரு வரி, வருஷா வருஷம் நீண்டுகொண்டே போகும் :-) 2008ல் இதற்கு ஒரு முடிவு வந்தது. காசோலைப் படங்களை ஆட்கள் இணையத்தில் போட, கணக்கு எண்ணைப் பார்த்து மோசடி நடக்க, உண்மைக் காசோலையை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு சான் செரிஃப் வங்கி என்ற இல்லாத வங்கியின் சான்றிதழ்தான். அதையும் மாட்டிக்கொள்கிறார்கள்.

டெக்கில் இனிப் புது வசதி எதுவும் சேர்ப்பதில்லை, பிழை மட்டுமே திருத்துவேன் என்று 1990ல் அறிவித்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணில் பை மதிப்பின் ஒரு இலக்கம் கூடும். 2021ல் செய்த திருத்தத்தோடு அது 3.141592653 ஆயிற்று. தான் இறந்த பிறகு பதிப்பு எண்ணைப் பை என்றே மாற்றிவிட வேண்டும், அதற்கு மேல் யாரும் கை வைக்கக் கூடாது, மிஞ்சியிருக்கும் பிழையெல்லாம் இனி பிழையல்ல, அதன் குணம் என்பது அவர் ஏற்பாடு. ஆண்டிறுதிக் கணக்கை முடித்துக் கையெழுத்துப் போடுவது மாதிரிதான் எனக்குப் பட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு என் 0.01ஐ அந்த 15 வகையில் எதில் போடுவது என்று பார்த்தேன். தட்டச்சுப் பிழை அல்ல. மறதி அல்ல. சாமானுக்குச் சாமான் பைசாவைச் சரி செய்தது வழிமுறைத் தவறு, சரி. ஆனால் கடைசி வரியில் கூட்டிய ஒரு பைசா? நம் பாடப்படி ஈடுசெய் பிழை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். தணிக்கைப் பாடத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது: தெரியாமல் செய்தால் பிழை, தெரிந்து செய்தால் அதற்கு வேறு பெயர். கனூத்தின் பட்டியலில் அதற்கு எழுத்தே இல்லை.

நோட்டில் நடுக்கோடு போடுவதை விட்டுவிட்டேன். இந்த ஞாயிறு எழுதியதை அப்படியே தருகிறேன்.

'எண் 1. பில் நிரல். வரியைச் சாமான் வாரியாகச் சரி செய்தது தவறு. ஒரே விகிதமுள்ளவற்றைக் கூட்டிய பிறகு ஒரு தடவைதான் செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை சரி செய்தேன். கல்யாண வீட்டுப் பில்லை மறுபடி போட்டுப் பார்த்ததில் அவர் சொன்ன தொகை வந்தது.

எண் 2. அதே நிரல், கடைசி வரி, 0.01. காரணம் தெரியாமல் தொகை சரியாக வர வேண்டும் என்பதற்காக நானே கூட்டியது. வகை: இன்னும் எழுதவில்லை. நீக்கியாயிற்று. அப்பாவிடம் சொல்லியாயிற்று.

எண் 3. ஏழாம் வாரக் குறிப்பில் "பில் புரோகிராம் முடிந்தது!" என்பது பொய். ஒரு கோடு மட்டும் போட்டு அடித்திருக்கிறேன், படிக்க முடியும்.

அடுத்த வார இலக்கு: ஃபங்ஷன்கள். (ஐந்தாவது வாரம்.)'